பவுடர் வழக்கு

என் அத்தை, அதாவது நைனாவின் அக்கா, எந்த விசேஷத்துக்கு வந்தாலும் கைப்பையில் என் அம்மாவின் பழைய போட்டோ ஒன்றைக் கொண்டுவருவாள். வெற்றிலைப் பெட்டியை மறந்தாலும் மறப்பாள், அதை மறக்கமாட்டாள். பாசத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு வழக்கின் ஆதாரம். நாற்பத்தைந்து வருஷமாக அவள்தான் வாதி, அவள்தான் வக்கீல், தீர்ப்புச் சொல்வதும் அவள்தான்.

வழக்கு இதுதான். நைனா அப்போது காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போய்க்கொண்டிருந்தார். போனால் கரை திரும்ப எட்டு நாள், பத்து நாள் ஆகும். அவருக்குப் பெண் பேசியபோது அத்தை பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். வீட்டு ஆண்கள் எண்ணூர்ப் பக்கம் போய் அம்மாவின் குடும்பத்தோடு பேசிவிட்டு, பெண்ணை நேரில் பார்க்காமலேயே ஒரு போட்டோவை வாங்கிவந்தார்கள். அத்தை படுக்கையில் இருந்தபடியே பார்த்தாள். பெண் சிவப்பு. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. போட்டோவை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, படகு கிளம்புகிற நேரத்தில் தம்பிக்குக் கொடுத்தனுப்பினாள். நைனா பத்து நாள் கடலில் அதைப் பார்த்துவிட்டு வந்து சரி என்றார். கல்யாணத்தன்று மணவறையில் வந்து உட்கார்ந்த பெண்ணோ நல்ல கருப்பு.

"அரை டப்பா பவுடர அப்பிக்கினு போட்டோ புட்ச்சி எங்கள ஏமாத்திட்டா." அன்று ஆரம்பித்தாள் அத்தை. ஆதாரமும் அந்தப் போட்டோவிலேயே இருந்தது. முகம் பளீரென்று இருக்கும். நாற்காலிக் கையின்மேல் வைத்திருக்கும் அம்மாவின் கை மட்டும் கருப்பாக இருக்கும். "மூஞ்சிக்குப் பூசினவ கைக்குப் பூச மறந்துட்டா பாரு." இதைச் சொன்னதும் பந்தல் முழுக்கச் சிரிக்கும். சின்ன வயதில் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் என்னையே ஓங்கி அறையலாம் போல இருக்கிறது.

அம்மா ஒரே பதிலைத்தான் சொல்வாள். "அன்னிக்கு மூஞ்சி கழுவிகினு போனேன். எங்க வூட்ல பவுடர் டப்பாவே கெடையாது." யார் கேட்டார்கள்? போட்டோ கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே. நைனா நல்ல மனுஷன்தான். ஆனால் அக்காவுக்கு எதிராக வாயைத் திறக்கமாட்டார், சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். அவர் போய்ச்சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒருநாளாவது தன் பக்கம் பேசியிருக்கலாம் என்கிற வருத்தம் அம்மாவுக்கு இன்னும் போகவில்லை.

போன வருஷம் அத்தையின் பேத்திக்குத் திருவொற்றியூரில் ஒரு மண்டபத்தில் வளைகாப்பு. வளையல் அடுக்கி முடித்து, எலுமிச்சை சாதமும் புளி சாதமும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அத்தை அந்தப் பெண்ணிடம் சொன்னாள். "குங்குமப்பூவ ஒழுங்கா குடிம்மா. கொழந்த கருப்பா பொறந்துச்சுன்னா பவுடரு வாங்கியே உன் புருஷன் அய்ஞ்சி பூடுவான்." கைப்பை திறந்தது. போட்டோ கைமாறிக் கைமாறிப் போனது. புதுசாகச் சம்பந்தம் பண்ணிய வீட்டுப் பெண்கள், அம்மாவை அதற்குமுன் பார்த்தே இராதவர்கள், போட்டோவைப் பார்த்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா இலையை மூடினாள். ஒரு பருக்கைகூட வாயில் வைக்கவில்லை. அறுபதைத் தாண்டியவள், காசிமேட்டு ஏலத்தில் நின்றால் ஆம்பிளைகள் குரலையெல்லாம் அமுக்கிவிடுகிறவள், சத்தமே இல்லாமல் எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

எனக்கு மூக்குநுனியில் கோபம். அந்தப் போட்டோவைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் ஒருத்தி கையிலிருந்து பிடுங்கினேன். அப்போதுதான் பின்பக்கத்தைப் பார்த்தேன். வண்ணாரப்பேட்டை ஸ்டுடியோ ஒன்றின் முத்திரை மங்கலாகத் தெரிந்தது. அதன்கீழே ஒரு நம்பர்.

எனக்கு டோல்கேட் பக்கம் ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ. மூன்று வருஷமாகப் பழைய கருப்பு வெள்ளை ஃபிலிம்களை ஸ்கேன் செய்து பிரிண்ட் போட்டும் கொடுக்கிறேன். அந்த நம்பர் என்னவென்று எனக்குத் தெரியும். மறுபடி காப்பி கேட்டு வருகிறவர்களுக்காக ஸ்டுடியோக்காரர்கள் ஒவ்வொரு நெகட்டிவுக்கும் ஒரு நம்பர் போட்டுக் காகித உறையில் பத்திரப்படுத்துவார்கள். உறை இருந்தால் நெகட்டிவ் இருக்கும். கிழிக்காமல் அந்த நம்பரைக் கையில் எழுதிக்கொண்டு போட்டோவைத் திருப்பிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் கோபத்தை அடக்கிய ஒரே தருணம் அதுவாகத்தான் இருக்கும்.

ஸ்டுடியோ எப்போதோ மூடியாகிவிட்டது. கட்டடத்தைக் காலி செய்தபோது சாமான்களை எடுத்தவர் அங்கேயே பழைய பொருள் கடை வைத்திருக்கும் ஒரு பாய். விசாரித்துக்கொண்டு போனேன். கடைக்குப் பின்னால் பிஸ்கட் டின்கள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் நெகட்டிவ்.

"ஃபிலிம்ல வெள்ளி எடுக்கறவன் ஒர்த்தன் வாங்கிக்கறேன்னான். வர்லே. நாலு வருசமா கீது" என்றார் பாய். "நீ இன்னாம்மா தேட்றே?"

"எங்கம்மா மூஞ்சிய, பாய்."

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "தேடு, தேடு. கெடைக்கிற வரைக்கும் தேடு" என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடினேன். பாதி உறைகளைப் பூச்சி அரித்திருந்தது. தும்மித் தும்மி மூக்கு சிவந்தது. மூன்றாவது ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், பதினோராவது டின்னில் அந்த நம்பர் இருந்தது. உள்ளங்கையில் பாதி அளவு ஃபிலிம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நாற்காலி, ஜடை, நாற்காலிக் கையில் ஒரு கை. நான் போட்ட சத்தத்தில் பாய் தராசைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

இதற்குமேல் நான் செய்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெகட்டிவ் சுருண்டுபோயிருந்தது. சுத்தமான காகிதத்துக்கு நடுவில் வைத்து இரண்டு ஏ-ஃபோர் பண்டல்களை மேலே ஏற்றி மூன்று நாள் விட்டேன். என் கடை வாசலில் கன்டெய்னர் லாரி போகாத நிமிஷம் கிடையாது. காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் பெயர் எழுதலாம். அதனால் ஸ்கேன் செய்கிற அன்று ஷட்டரை இறக்கி, ஃபேனை நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, வியர்க்க வியர்க்க உட்கார்ந்தேன். ஸ்கேனரில் தூசியைத் தானாக நீக்கும் வசதி ஒன்று உண்டு. கலர் ஃபிலிமுக்கு அது வரம். கருப்பு வெள்ளைக்கு எமன். படமாக இருக்கும் வெள்ளியையே தூசி என்று நினைத்துத் துடைத்து முகத்தைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். அதை அணைத்துவிட்டு, எவ்வளவு நுணுக்கமாக எடுக்க முடியுமோ அவ்வளவு நுணுக்கத்தில் எடுத்தேன்.

படம் திரையில் வந்தது. அத்தையின் போட்டோவில் இருந்த அதே பளீர் முகம். பவுடர் எங்காவது திட்டுத்திட்டாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். கன்னத்தில் போய் நின்றுவிட்டேன்.

கோடுகள். குட்டிக் குட்டியாக, அரிசிப்புழு நெளிகிற மாதிரி வளைந்த வெள்ளைக் கோடுகள். நெற்றியில், மூக்கில், மோவாயில், கழுத்தில் எல்லாம் நெருக்கமாக இருந்தன. கையில் ஒன்றுகூட இல்லை.

நெகட்டிவை எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். முகத்தின் மேல் மட்டும் ஈயப் பளபளப்பு. பென்சில்! ஃபிலிமில் எல்லாம் தலைகீழ். கருப்பு முகம் ஃபிலிமில் கண்ணாடியாகத் தெளிந்து இருக்கும். அதன்மேல் பென்சிலால் கருப்பை ஏற்றினால் பிரிண்டில் அது வெளுப்பாக வரும். அந்தக் கால ஸ்டுடியோக்களில் இதற்கு டச்சிங் என்று பெயர். இதற்கென்றே ஆள் வைத்திருப்பார்கள். யாரோ ஒருவன், யாரும் கேட்காமலேயே, கூராகச் சீவிய பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து என் அம்மாவை வெளுத்திருக்கிறான். கைக்குச் செய்ய அவனுக்குச் சோம்பல். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் புளுகு நாற்பத்தைந்து வருஷம் ஓடியிருக்கிறது!

அம்மாவை உடனே வரச்சொன்னேன். ஏலம் முடிந்து மீன் வாசனையோடு நேராக வந்தாள். திரையைக் காட்டினேன்.

"இன்னாடி இது, மூஞ்சி மேல புயு ஊர்றா மாரி?"

"பென்சிலும்மா. ஸ்டுடியோக்காரன் உன்னைக் கேட்காம உன் மூஞ்சில எழுதியிருக்கான்."

அம்மா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு, "பவுடரு இல்லியே?" என்றாள்.

"ஒரு சிட்டிகை இல்ல."

கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு அதே முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏலக் குரலில் சொன்னாள்: "அவளுக்குப் போன் போடு."

போட்டேன். வெற்றி என் கையில் இருப்பதாக நினைத்து, கொஞ்சம் திமிராகவே விஷயத்தைச் சொன்னேன். அத்தை முழுதாகக் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"கம்ப்யூட்டர்ல இன்னா வேணா வரையலாண்டி. உன் கடைக்கு வர்ற பொண்ணுங்கள நீ பட்டன தட்டி செவப்பாக்கி அனுப்பறியே, எனக்குத் தெரியாதா? வெளுப்பாக்கத் தெரிஞ்சவளுக்குக் கோடு போடத் தெரியாதா?"

எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். உண்மையைச் சொல்லிவிட்டாள். பெண் பார்க்கிற போட்டோவுக்கு வருகிறவர்களை நான் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன், அவர்கள் கேட்காமலேயே. அவனுக்கு ஒரு மணி நேரம் ஆனது, எனக்கு ஒரு பட்டன். அன்றைக்கே அந்த வேலையை விட்டேன்.

ஆனால் அத்தை சொன்னதில் வழியும் இருந்தது. கம்ப்யூட்டரை நம்பமாட்டாள் என்றால் கம்ப்யூட்டரே வேண்டாம். நெகட்டிவையே அவள் கண் முன்னால் துடைத்துக் காட்டிவிடலாம். பென்சில் ஃபிலிமில் ஒட்டுவதற்காக முதலில் ஒரு பிசினைப் பூசுவார்கள். டர்பன்டைன் பட்டால் பிசினும் பென்சிலும் சேர்ந்து வந்துவிடும். பாய் அந்த டின்னையே என்னிடம் கொடுத்துவிட்டிருந்தார், அதிலிருந்த வேறு நெகட்டிவ்களில் பழகிப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, அந்த ஆள் யாரையும் விட்டுவைக்கவில்லை. வடசென்னையின் பாதிப் பெண்களுக்கு வெள்ளையடித்திருந்தான். மூன்றாவது ஃபிலிமில் கொஞ்சம் அழுத்திவிட்டேன், யாரோ ஒரு மாப்பிள்ளையின் மீசையில் கீறல் விழுந்துவிட்டது. அதோடு பஞ்சைக் கீழே வைத்துவிட்டேன். அம்மாவின் இளம் வயதுக்கு உலகத்திலேயே அந்த ஒரு ஃபிலிம்தான் இருக்கிறது. போனால் போனதுதான்.

"போனா போவட்டும்" என்றாள் அம்மா. "அந்த மூஞ்சி எனக்கு இன்னாத்துக்கு? அது நானே இல்லியே."

ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூருக்குப் போனோம். அத்தை வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். செல்போன் திரையை வெள்ளையாக வைத்து அதன்மேல் நெகட்டிவை வைத்தேன். கடையில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்தேன். பார்த்தாள்.

"இன்னாவோ கீது. கறை படிஞ்சிருக்கும்."

நான் பஞ்சை டர்பன்டைனில் நனைத்தேன். அப்போது அம்மா குறுக்கே கையை நீட்டினாள்.

"நீ தொடைக்காதே. நீ எதுனா ஜாலம் பண்ணிட்டதா அப்பால அண்ணி சொல்லுவா. அண்ணி, நீயே தொட."

எனக்கு உயிர் போனது. அத்தைக்கு எழுபத்தைந்து வயது, கை நடுக்கம் வேறு. ஆனால் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பஞ்சை நீட்டிவிட்டேன். அத்தை பஞ்சை வாங்கினாள். நான் அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். "அமுக்காத அத்த, கொழந்த மூஞ்ச தொடைக்கிறா மாரி தொட" என்றேன். நெற்றியிலிருந்து மோவாய்க்கு மெதுவாக ஒருமுறை இழுத்தாள். இன்னொருமுறை. பிறகு பஞ்சைத் திருப்பிப் பார்த்தாள்.

வெள்ளைப் பஞ்சில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. நாற்பத்தைந்து வருஷச் சிவப்பு மொத்தமும் அவ்வளவுதான்.

அத்தை அதை மூக்கில் வைத்து மோந்தாள். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். விரலில் கருப்பாக ஒட்டியது. பூதக்கண்ணாடியை எடுத்து நெகட்டிவை மறுபடியும் பார்த்தாள். முகம் இருந்த இடம் தெளிந்துபோய், அதுவும் கையைப் போலவே ஆகியிருந்தது. ஒரு கீறல் இல்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"பென்சிலு" என்றாள் அத்தை.

பஞ்சை நாற்காலிக் கையில் வைத்தாள்.

"படுபாவி" என்றாள். ஸ்டுடியோக்காரனைத்தான். அம்மாவைப் பார்க்காமல் கைப்பையைத் திறந்து அந்தப் பழைய போட்டோவை எடுத்து என் மடியில் போட்டாள். "பெர்சா ஒண்ணு போட்டு எட்த்தா. தொடச்சப்புறம் கீற மூஞ்சிய." அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அம்மாவும் எதிர்பார்க்கவில்லை. வரும் வழியில், "ஒரு மன்னிப்பு கேட்டாளா பாரு" என்று நான் குதித்தபோது, "சும்மா கெட. அவ வாயி அடைச்சி நான் பார்த்ததே இல்ல, அதுவே போதும்" என்று ஆட்டோவில் காற்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுபடி ஸ்கேன் செய்தேன். கடைசிச் சண்டை என் கம்ப்யூட்டரோடு. ஆட்டோ என்ற பட்டனைத் தொட்டால் போதும், அது முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து உடனே வெளுக்கத் தொடங்குகிறது. செத்துப்போன டச்சிங் ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கிறானோ என்று சந்தேகம் வந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கையாலேயே செய்தேன். கருப்பு முகத்தைப் பிரிண்ட் போடுவது லேசு இல்லை. கொஞ்சம் ஏற்றினால் சாம்பல் பூசினது மாதிரி ஆகிவிடும், கொஞ்சம் இறக்கினால் கண்ணும் மூக்கும் இருட்டில் மூழ்கிவிடும். மினுமினுப்பு இல்லாத கெட்டித் தாளில் துண்டு துண்டாக ஆறு தடவை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் அம்மா வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் கருப்பு வை" என்றாள். ஐந்தாவதுக்கும் அதையே சொன்னாள். ஆறாவதை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கன்னத்து மேட்டில் ஒரு பளபளப்பு, நெற்றி ஓரத்தில் எண்ணெய் மினுங்கல், வலது புருவத்துக்குமேல் சின்னத் தழும்பு. பென்சில் அதையும் மூடியிருந்தது. சின்ன வயதில் நண்டுக்கூடை விழுந்து பட்டது என்று அம்மா சொன்னாள். எனக்கு அது தெரியவே தெரியாது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, யாருக்கும் பயப்படாமல், கேமராவை நேராகப் பார்க்கிற பதினெட்டு வயதுப் பெண். அவ்வளவு அழகு என் அம்மா.

"இதான் நானு" என்றாள் அம்மா.

அத்தையின் பேத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கிற விசேஷத்துக்கு அதே மண்டபம், அதே கூட்டம், அதே சம்பந்தி வீட்டுப் பெண்கள். அம்மா கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்: "போட்டோவ குட்த்துட்டு வந்துரலாம். சாப்பாட்டுக்கு நிக்க வேணாம்." பழைய பயம் லேசில் விடுமா?

ஃப்ரேம் போட்ட படத்தை அத்தையிடம் கொடுத்தேன். அவள் அதைப் பிரித்து, ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அத்தை எழுந்து நின்றால் பந்தி தன்னால் அமைதியாகிவிடும்.

"அல்லாரும் இங்க பாருங்க. இதான் எங்க வூட்டு மருமவ, கண்ணாலத்துக்கு முன்ன. இத்தினி நாளு நான் காட்டினது ஸ்டுடியோக்காரன் பென்சில்ல போட்ட மூஞ்சி. என் கையாலயே தொடச்சிப் பார்த்தேன். மெய்யாலுமே அவ பவுடர் போடல. நான் சொன்னதுதான் பொய்யி."

படம் கைமாறிக் கைமாறிப் போனது. அன்று வாயைப் பொத்திக்கொண்ட பெண் படத்தைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, "இன்னா களையா கீறீங்க பெரீம்மா" என்றாள். கடைசியில் அது பிள்ளை பெற்றவளிடம் போனது. மடியில் இருந்த குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் அதைப் பிடித்துப் பார்த்தாள். குழந்தையும் நல்ல கருப்பு.

"எங்க சின்னப் பாட்டி மாரியே கீதுல்ல?" என்றாள், பெருமையாக.

அத்தை அம்மாவின் தோளைப் பிடித்து அழுத்தி இலை முன்னால் உட்காரவைத்தாள். தானே கரண்டியை வாங்கி, பிரியாணியில் கறியாகப் பார்த்து அள்ளி வைத்தாள். அம்மா குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். கறி, எலும்பு, கத்திரிக்காய், ஒன்று விடாமல் சாப்பிட்டு இலையைக் காலி பண்ணினாள். நகரப் போன அத்தையின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போற அண்ணி? இன்னொரு கரண்டி போடு."